முதலாம் ஆண்டு டிராயிங் வகுப்பு: என்ன வாங்க வேண்டும், ஸ்கெட்ச் புக் எப்படி வைத்துக்கொள்வது?

வெள்ளைத்தாள்
ஜூலை 8, இரவு 9:15

எல்லோருக்கும் வணக்கம். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஊர் அருப்புக்கோட்டை. வீட்டில் தறி ஓடுகிறது. எங்கள் குடும்பத்தில் ஓவியம் படிக்கப் போகிற முதல் ஆள் நான்தான்.

தெரிந்த அக்கா ஒருவர் மூலம் ஒரு லிஸ்ட் வந்தது. 24 பென்சில் இருக்கிற வெளிநாட்டு டப்பா, ஏ3 ஹார்ட் பவுண்ட் ஸ்கெட்ச் புக், மூன்று வகை அழிரப்பர், பிரஷ் பேனா, வரைந்தது கலையாமல் இருக்க அடிக்கிற ஃபிக்ஸட்டிவ் ஸ்பிரே, எல்லாவற்றையும் வைக்கத் தோல் உறை என்று பதினேழு பொருள். கூட்டிப் பார்த்தால் நாலாயிரத்தைத் தாண்டுகிறது. அப்பா "வாங்கிக்கலாம்மா" என்று சொல்லிவிட்டார். ஆனால் ஹாஸ்டலுக்கும் கட்ட வேண்டியிருக்கிறது. இதில் நிஜமாகவே தேவைப்படுவது எது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஸ்கெட்ச் புக் ஒன்று ஏற்கனவே வாங்கிவிட்டேன். கறுப்பு அட்டை, நல்ல தடித்த தாள். மூன்று வாரம் ஆகிறது, முதல் பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. தினமும் எடுக்கிறேன், திறந்து பார்க்கிறேன், மூடி வைத்துவிடுகிறேன்.


கரிவிரல்
ஜூலை 8, இரவு 10:40

வாழ்த்துகள் தங்கச்சி. நானும் அதே வளாகத்தில் படித்தவன்தான். 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய இடம், அந்த மரங்களுக்கு அடியில் உட்கார்ந்தாலே கை வரையச் சொல்லும். இப்போது புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன்.

அந்த லிஸ்டை மடித்து வைத்துவிடு. முதல் மூன்று மாதத்துக்கு இவ்வளவு போதும். பென்சில் ஹெச்பி, 2பி, 4பி, 6பி. ஒவ்வொன்றிலும் இரண்டு. நம் ஊர் அப்சரா, கேம்லின் எதுவானாலும் சரி. 24 பென்சில் டப்பாவில் பாதி ஹெச் வரிசை, அதாவது கடின முனை, அவற்றை ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் தொடுவார்கள், நீ தொடவே மாட்டாய். ஒரு டப்பா சார்க்கோல் குச்சி, அதாவது வரைகிற கரி. ஒரு நீட் ரப்பர், அதாவது மாவு மாதிரிப் பிசைகிற ரப்பர். ஒரு கட்டர். சாதாரண பால் பாயின்ட் பேனா ஒன்று. தடித்த டிராயிங் தாளான கார்ட்ரிட்ஜ் ஷீட் பத்து, செய்தித்தாள் அச்சடிக்கிற நியூஸ்பிரின்ட் கொஞ்சம். நியூஸ்பிரின்டை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் குயர் கணக்கில், அதாவது கட்டாக, வாங்கினால் மிகவும் மலிவு. அந்தத் தெரு முழுக்கக் காகிதக் கடைதான். தாளை விரலால் தொட்டுப் பார்த்து வாங்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

டிராயிங் போர்டைக் கடையில் வாங்காதே. தச்சு ஆசாரியிடம் 18க்கு 24 இஞ்ச்சில் பிளைவுட் துண்டு ஒன்று கேள். முழு இம்பீரியல் ஷீட் 22க்கு 30 இஞ்ச், அதைப் பாதியாக வெட்டினால் 15க்கு 22. அது போர்டில் நன்றாக உட்காரும், கிளிப் போடவும் ஓரம் கிடைக்கும். நாலு ஓரத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தரச் சொல், இல்லாவிட்டால் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் புடவையைக் கிழித்துவிடும். கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டையும் போட்டுத் தரச் சொல். நாலு வருடமும் அந்தப் பலகையோடுதான் பஸ் ஏறப் போகிறாய்.

ஷார்ப்பனர் வேண்டாம். பென்சில் சீவுவதை இப்போதே பழகிக்கொள். மரத்தை ஒரு இஞ்ச் நீளத்துக்குச் சரிவாகச் சீவி, முனை அரை இஞ்ச் வெளியே நிற்க வேண்டும். வலது கை கட்டரைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் தள்ளாது. பென்சிலைப் பிடித்திருக்கிற இடது கையின் கட்டை விரல்தான் கட்டரின் முதுகைத் தள்ள வேண்டும். அப்படிச் செய்தால் மரம் சுருள் சுருளாக வரும், முனை உடையாது. பிறகு முனையைப் படுக்கப் போட்டு உப்புத்தாளில் உருட்டித் தேய். இவ்வளவு நீள முனை எதற்கென்றால், பென்சிலைச் சாய்த்துப் பிடித்து அகலமாக நிழல் போடலாம், நிமிர்த்தினால் அதே முனை மெல்லிய கோடு போடும். ஷார்ப்பனர் போட்ட பென்சிலில் எழுதத்தான் முடியும்.

ஸ்பிரே பற்றி: ஹேர் ஸ்பிரே அடித்தால் போதும் என்று ஹாஸ்டலில் சொல்வார்கள். நாங்களும் அடித்தோம். என் முதல் வருட ஷீட்டுகள் இன்று வெற்றிலைக் கறை மாதிரி மஞ்சளாக இருக்கின்றன. நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கினாலே போதும்.


மகள்_தகப்பன்
ஜூலை 9, காலை 7:05

என் மகளும் இந்த வருடம் வேறொரு கல்லூரியில் சேர்கிறாள். மேலே எழுதிய தம்பிக்கு நன்றி, பெரிய பாரம் இறங்கிற்று. ஒரு கேள்வி. மலிவான பென்சிலில் வரைந்தால் மதிப்பெண் குறையுமா? பிள்ளை நம்மால் பின்தங்கிவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறேன்.


வரைபலகை
ஜூலை 9, காலை 11:30

ஐயா, குறையாது. முப்பது வருடம் டிராயிங் வகுப்பு எடுத்தவன் சொல்கிறேன். ஷீட்டைப் பார்த்து என்ன பிராண்ட் பென்சில் என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் பார்த்து வரைந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

பென்சில் எப்படி உண்டாகிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டார்கள். 1795இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர். இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்த கட்டி கிராஃபைட் நின்றுபோயிற்று. நிக்கோலா ழாக் கோன்தே என்பவர் கிராஃபைட் தூளோடு களிமண்ணைப் பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டார். இன்றைக்கும் அதே முறைதான். களிமண் கூடினால் முனை கடினமாகும், கோடு வெளுக்கும், அது ஹெச். கிராஃபைட் கூடினால் மிருதுவாகும், கறுப்பேறும், அது பி. வகுப்பில் நான் ஓயாமல் பார்க்கிற தவறு இதுதான்: கையில் ஹெச்பி, வேண்டியதோ நல்ல கறுப்பு. அழுத்து அழுத்து என்று அழுத்துவார்கள். தாள் பளபளக்கும், பள்ளம் விழும், கறுப்பு மட்டும் வராது. அங்கே 6பியை எடுத்து மெல்லத் தடவினால் வேலை முடிந்தது.

பென்சிலைவிடத் தாளில்தான் கவனம் வேண்டும். சார்க்கோலுக்குச் சொரசொரப்பு இல்லாத தாளைக் கொடுத்தால் தூள் பிடிக்காமல் மடியில் கொட்டும். ஜெராக்ஸ் தாள் 70, 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), வழவழப்பானது, பேனாவுக்குச் சரி. கார்ட்ரிட்ஜ் 130க்கு மேல் இருந்தால் அழிக்கிறபோது நார் எழும்பாது. நீர் வண்ணம் வரும்போது 300 ஜிஎஸ்எம் வாங்கிக்கொள்ளலாம், இப்போது வேண்டாம்.

கரிவிரல் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். நீட் ரப்பரை வாங்குங்கள், ஆனால் முதல் வருடம் பெட்டியிலேயே இருக்கட்டும். அழிக்கிற பழக்கம் வந்துவிட்டால் பார்க்கிற பழக்கம் வராது. தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். இரண்டும் இருக்கட்டும்.


கரிவிரல்
ஜூலை 9, பிற்பகல் 1:10

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். சார்க்கோலில் ரப்பர் என்பது வெள்ளைப் பென்சில். தாள் முழுக்கக் கரியைத் தேய்த்துச் சாம்பல் நிறமாக்கிவிட்டு, நீட் ரப்பரைக் கூர்மையாகப் பிசைந்து பானையின் விளிம்பில் விழுகிற வெளிச்சத்தை அதில் எடுப்போமே. எனக்கு ஒளி என்றால் என்னவென்று புரிந்ததே அன்றுதான். அதையும் தடுத்துவிட்டால் எப்படி?


வரைபலகை
ஜூலை 9, பிற்பகல் 3:45

நீங்கள் சொல்வது சரி. நான் அவசரப்பட்டு மொத்தமாகச் சொல்லிவிட்டேன். ஷீட்டில் சார்க்கோல் போடும்போது ரப்பர் ஒரு கருவி, மறுக்கவில்லை. ஸ்கெட்ச் புக்கில் மட்டும் வேண்டாம் என்று திருத்திக்கொள்கிறேன்.


கும்பகோணத்தான்
ஜூலை 9, இரவு 8:20

சார்க்கோல் வாங்கவே வேண்டாம், சுட்டுக்கொள்ளலாம். காளஹஸ்தியில் துணியில் ஓவியம் வரைகிற கலம்காரிக்காரர்கள் முதல் கோடு போடுவது புளியங்குச்சிக் கரியில்தான். நான் படித்த நாளில் எங்கள் செட்டில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருந்தோம்.

பென்சில் கனத்தில் நேராகப் போகிற புளியங்குச்சிகளை ஒடித்து, பட்டையை உரித்து, நாலு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் வெடிக்கும். பழைய பிஸ்கட் டின்னிலோ பெயின்ட் டின்னிலோ சந்தில்லாமல் நெருக்கி அடுக்கி, இடைவெளியில் மணலைக் கொட்டி மூடி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை. அப்புறம் விறகு அடுப்பிலோ குப்பை எரிக்கிற இடத்திலோ டின்னைத் தணலுக்குள் புதைத்துவிட வேண்டும். ஓட்டை வழியாக முதலில் வெள்ளைப் புகை வரும், அப்புறம் மஞ்சளாக, அப்புறம் நின்றுவிடும். புகை நின்றால் கரி ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஆசையாகத் திறந்துவிடாதீர்கள். காற்றுப் பட்டதும் உள்ளே எல்லாம் பற்றிக்கொண்டு சாம்பலாகிவிடும். இரவு முழுக்க ஆறட்டும். காலையில் திறந்து ஒரு குச்சியை எடுத்து இன்னொன்றில் தட்டினால் கண்ணாடி வளையல் மாதிரி சத்தம் கேட்கும். அதுதான் பதம்.

கடையில் வாங்குவது எப்போதும் ஒரே கறுப்பு. புளியங்கரியில் குச்சிக்குக் குச்சி வேறு. மெல்லியது சாம்பல் கோடு போடும், தடித்தது வேறு மாதிரி இழுக்கும். எதற்கு எது என்று நமக்கே தெரிந்துவிடும்.


வெள்ளைத்தாள்
ஜூலை 10, இரவு 9:50

எல்லோருக்கும் நன்றி. ஆசாரி மாமா பலகை கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை. பென்சில் நீங்கள் சொன்ன நாலு வகையும் இங்கேயே கிடைத்தது. எங்கள் தெருக்கோடியில் புளியமரம் இருக்கிறது, ஞாயிறு சுட்டுப் பார்க்கப் போகிறேன்.

ஆனால் ஸ்கெட்ச் புக்? இன்றைக்கும் திறந்தேன். பாட்டி திண்ணையில் படுத்திருந்தார். நாலு கோடு போட்டேன், பாட்டி மாதிரி இல்லை. பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இன்னொரு பயமும் இருக்கிறது. வெளியே போய் வரைய வேண்டும் என்கிறார்கள். சென்னையில் ரோட்டில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து வரைந்தால் சுற்றி நிற்க மாட்டார்களா?


நீலமை
ஜூலை 11, அதிகாலை 5:30

உன் பதிவைப் படித்த பிறகு தூங்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். கிழித்த பக்கத்தை எடுத்து ஒட்டி வை. நிஜமாகத்தான் சொல்கிறேன். குப்பைக் கூடையில் இருந்தால் எடு, நீவிவிட்டு, அதே இடத்தில் ஒட்டு.

நான் ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்தபோது அரையாண்டு முடிவில் ஸ்கெட்ச் புக் ஒப்படைக்க வேண்டும், அறுபது பக்கம். எனக்கும் உன்னைப் போலத்தான். நல்ல புத்தகம், கெடுத்துவிடுவோமோ என்ற பயம். நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசி இரண்டு ராத்திரியில் நாற்பத்திரண்டு பக்கம் வரைந்தேன். செருப்பு, டம்ளர், என் இடது கை, போட்டோவைப் பார்த்து நாலு முகம். தேதிகளை ஜூலையிலிருந்து பரப்பிப் போட்டேன். பேனாவைக்கூட மாற்றி மாற்றி எடுத்தேன், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். சார் நிதானமாகப் புரட்டினார். பாதியில் நிறுத்தி, "ஏம்மா, உங்க வீட்ல வெளிச்சம் எப்பவும் இடது பக்கத்துலருந்துதான் வருமா?" என்று கேட்டார். அறையில் ஒரே டியூப் லைட், அது இடது பக்கம். நாற்பத்திரண்டு பக்கத்திலும் நிழல் ஒரே பக்கமாக விழுந்திருந்தது. ஐந்து மாதத்தில் ஒரு காலை வெயில்கூட அந்தப் புத்தகத்தில் இல்லை. மதிப்பெண் போனது பெரிதில்லை. அந்த ஐந்து மாதத்தில் நான் எதையுமே பார்க்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

அதன் பிறகு நான் மாற்றிக்கொண்டதைச் சொல்கிறேன். முதலாவது, அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகத்தை யாருக்காவது கொடுத்துவிடு, இல்லை பெட்டியில் போடு. உனக்குப் பயம் தருகிற தாளில் உன்னால் வரைய முடியாது. ஆண்டர்சன் தெருவில் 20க்கு 30 இஞ்ச் ஷீட், 100 ஜிஎஸ்எம்மில், பத்து வாங்கு. ஒரு ஷீட்டை மூன்று முறை மடித்தால் எட்டுத் தாள், பதினாறு பக்கம், ஒவ்வொன்றும் ஏழரைக்குப் பத்து இஞ்ச். பத்து ஷீட்டுக்கு 160 பக்கம். பைண்டிங் கடையில் கொடுத்தால் நூல் தையல் போட்டு காலிக்கோ துணி ஒட்டித் தருவார்கள். நூல் தையல் என்று கேட்டு வாங்கு. ஸ்பைரல் போட்டால் கிழிக்க ஆசை வரும், தைத்ததில் ஒன்றைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் கழன்று வரும், அதனால் கை போகாது. புத்தகம் மேஜையில் படுக்கையாக விரியவும் செய்யும்.

முதல் பக்கத்தில் தொடங்காதே. நடுவில் எங்காவது திற, அங்கே தொடங்கு. முதல் பக்கத்தில் காய்கறிக் கணக்கு எழுதிக்கொள். ஒரு பக்கத்தில் ஒரு படம் என்ற கணக்கும் வேண்டாம். பாட்டி புரண்டு படுத்தால் முதல் பாட்டியை அப்படியே விட்டுவிட்டு பக்கத்தில் இன்னொரு பாட்டியைத் தொடங்கு. திரும்பவும் பழைய நிலைக்கு வருவார், அப்போது அதைத் தொடரலாம். தூங்குகிறவர்கள், மீன் நறுக்குகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோருமே திரும்பத் திரும்ப ஒரே நாலைந்து நிலைக்குத்தான் வருவார்கள். எனக்கு இதைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் ஆயிற்று.

ஓரத்தில் எழுது. "சாயங்காலம் ஐந்தரை, சுவர் ஆரஞ்சு, நிழல் நீலம்", "இவர் இடது காலில் மட்டும் நிற்கிறார்", இப்படி. தேதி, இடம், எத்தனை நிமிடம். பத்து வருடம் கழித்து என் பழைய புத்தகங்களில் நான் முதலில் படிப்பது படத்தை இல்லை, இந்த ஓரத்து எழுத்தைத்தான்.

இனி வெளியே போவது. சுற்றி நிற்பார்கள்தான், பொய் சொல்ல மாட்டேன். முதல் மாதம் இரண்டு மூன்று பேராகப் போங்கள். முதுகுக்குச் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார், பின்னாலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது. கடை போட்டிருக்கிற அம்மாவிடம் "உக்காந்துக்கவா?" என்று முதலிலேயே கேட்டுவிட்டால் அன்றைக்கு அவர்தான் உனக்குக் காவல். வரைந்ததும் காட்டு. யாரையாவது வரைவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் நிறுத்திவிடு. காலை ஆறிலிருந்து எட்டு நல்ல நேரம், வெயிலும் சாய்வாக விழும்.

தனியாகப் போக வேண்டுமென்றால் எழும்பூர் மியூசியம் இருக்கிறது. கல்லூரியிலிருந்து நடந்தே போகலாம், வெள்ளிக்கிழமை விடுமுறை. வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் உட்கார். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. இடுப்பின் வலது ஓரத்தில் கோடு நேராக இறங்கும், இடது ஓரத்தில் வளைந்து வெளியே போய்த் திரும்பும். அந்த இரண்டு ஓரக் கோட்டை மட்டும் தாளைப் பார்க்காமல் வரைந்து பார். எத்தனை தரம் வரைந்தாலும் சிலை அங்கேயே நிற்கும், உன்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.


வரைபலகை
ஜூலை 11, காலை 10:15

நீலமை அம்மா எழுதியதை என் பழைய மாணவர்கள் குழுவிலும் போட்டிருக்கிறேன். மெரினாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். நாலு பேர் பாறையை நகர்த்துகிறார்கள், நாலு முதுகும் நாலு விதம். சுற்றி வந்து எட்டுத் திசையிலிருந்து எட்டுப் படம் போட்டால், உடம்பின் எடை எங்கே நிற்கிறது என்பது விளங்கிவிடும். அவரிடம் படித்த ஓவியர் சில்பி, விகடனுக்காக ஊர் ஊராகக் கோயில்களில் உட்கார்ந்து சிற்பங்களைப் பேனாக் கோட்டில் வரைந்தவர். ஓவியர் ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டின்போது காந்தியை வரிசையாகக் கோட்டோவியங்களாக வரைந்தார். ஒரே மனிதர்! ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வெட்கப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

போட்டோ பார்த்து வரைவது பற்றியும் ஒரு வார்த்தை. செல்போனில் எடுத்து, அறையில் வந்து வரைந்தால் படம் சுத்தமாக வரும். ஆனால் மூக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது, காது எவ்வளவு பின்னால் போகிறது என்று கேமரா ஏற்கனவே முடிவு செய்துவிட்டிருக்கும். இரண்டு கண்ணால் பார்த்து, தலையை இப்படி அப்படி அசைத்து, தூரத்தை நீங்களே அளந்து தாளில் படிய வைப்பதைத்தான் இந்த வகுப்பு கற்றுத்தருகிறது. கையை முழுக்க நீட்டி, முழங்கை மடங்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டை விரலால் அளவெடுக்கிறோமே, முழங்கை மடங்கினால் அந்த அளவு முழுக்கத் தப்பு. முதல் வாரமே உங்கள் ஆசிரியர் இதைச் சொல்வார்.


கரிவிரல்
ஜூலை 11, பிற்பகல் 12:20

இன்னும் ஒன்று, இது என் வேண்டுகோள். முதல் புத்தகத்தை இன்ஸ்டாகிராமில் போடாதே. என் தம்பி ஒருவன், அருமையான கை. பக்கம் பக்கமாகப் போட ஆரம்பித்தான், நிறைய லைக் வந்தது. ஆறு மாதத்தில் அவன் புத்தகத்தில் கண்கள் மட்டும்தான் இருந்தன, ஏனென்றால் கண்ணுக்குத்தான் லைக் அதிகம். கால் வரைய இன்றைக்கும் அவனுக்கு வராது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.


யாழ்_சித்திரன்
ஜூலை 12, மாலை 6:05

தங்கச்சி, யாழ்ப்பாணத்தில் சித்திரம் படித்தவன் நான். எங்களுக்குப் பல காலம் நல்ல தாளே வராது. கடைகளில் கிடைத்த கோடு போட்ட கணக்குக் கொப்பியில்தான் வரைந்தோம். ஒன்று கவனித்தேன்: கோடு போட்ட கொப்பியில் ஒருத்தரும் பயந்து வரைவதில்லை. இரண்டு கிழமைக்கு அப்படி ஒரு கொப்பியை எடுத்து வரைந்து பாருங்கோ, கை இளகும்.

பூச்சிக்கும் வழி சொல்கிறேன். கடற்கரை ஊர்களில் ஈரம் கூட. பழைய கொப்பிகளை இராமபாணம் அரித்துவிடும். பெட்டிக்குள் வசம்புத் துண்டு இரண்டு போட்டு வையுங்கோ. அம்மம்மா ஏட்டுக்குப் போட்டது, எனக்கு இருபது வருடமாகச் சித்திரங்களைக் காப்பாற்றித் தருகிறது.


மகள்_தகப்பன்
ஜூலை 12, இரவு 9:30

வசம்பு எங்கள் வீட்டிலும் உண்டு, பிள்ளை வளர்த்தபோது வாங்கியது. இன்றே மகளின் பெட்டியில் போட்டுவிட்டேன். நீலமை அம்மா எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து வந்து என்னை உட்காரச் சொல்லி வரைந்தாள். நாற்பது நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.


வெள்ளைத்தாள்
செப்டம்பர் 17, இரவு 10:25

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும். வகுப்பு, ஹாஸ்டல் என்று நாள் ஓடிவிட்டது.

நூல் தையல் போட்ட புத்தகம் வைத்திருக்கிறேன், 160 பக்கத்தில் 118 முடிந்திருக்கிறது. புளியங்கரி முதல் தடவை அவசரப்பட்டுத் திறந்து எல்லாம் சாம்பலாயிற்று, இரண்டாவது தடவை வளையல் சத்தம் வந்தது. கிழித்த பாட்டியைக் கண்டுபிடித்து ஒட்டிவிட்டேன். இப்போது பார்த்தால் அந்தக் கால் மட்டும் பாட்டியின் கால்தான். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அர்த்தநாரீஸ்வரர் முன்னால் ஐந்து தரம் போயிருக்கிறேன். ஐந்தாவது தரம் வரைந்ததில் இடது ஓரம் கொஞ்சம் வந்திருக்கிறது.

போன வாரம் சார் எல்லோருடைய புத்தகத்தையும் பார்த்தார். நான் கஷ்டப்பட்டு நிழல் போட்ட பானையைக் காட்டலாம் என்று அந்தப் பக்கத்தில் நூல் வைத்திருந்தேன். அதைப் புரட்டிவிட்டுப் போய்விட்டார். 71ஆம் பக்கத்தில் நின்றார். ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது வரைந்தது. தறி ஓடும்போது குறுக்கே பாய்கிற நாடா கண்ணுக்கே பிடிபடாது, அதனால் அதை விட்டுவிட்டு, நீளவாக்கில் ஓடுகிற பாவு இழை அறுந்து தறி நிற்கும்போதெல்லாம் அப்பா முடிபோடுகிற கையை மட்டும் வரைந்தேன். ஒரு மத்தியானத்தில் பதினொரு கை. ஓரத்தில் "இழை அறுந்த சத்தம் கேட்டதும் அப்பா எழுந்துவிடுகிறார், நான் பென்சில் எடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது" என்று எழுதியிருந்தேன்.

சார் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "இழை ரெண்டு விரலுக்கு நடுவுல இருக்கு, சரி. அப்போ கட்டை விரல் என்ன பண்ணுது?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினொரு கையிலும் கட்டை விரல் வெவ்வேறு மாதிரி இருந்தது, பதினொன்றுமே நான் ஊகித்துப் போட்டவை. பிறந்ததிலிருந்து பார்க்கிற கை அது. சார் திட்டவில்லை. "போய்ப் பார்த்துட்டு வா" என்று சொல்லிப் புத்தகத்தைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன். 4பி தீர்ந்துவிட்டது, இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.